மூன்று கட்டை

எங்கள் தோட்டத்தில் தூரத்தை இன்னும் கட்டையில்தான் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் ஒரு மைல். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் லயத்துக்கு மூன்று கட்டை. முதலில் இறப்பர் காடு, அப்புறம் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலை, அதைத் தாண்டினால் தேயிலை மலை ஏற்றம். மழை நாளில் வீடு சேர்வதற்குள் காலில் நாலு அட்டையாவது ஏறியிருக்கும். சவர்க்காரத்தைக் கணுக்கால்வரை குழைத்துப் பூசிவிட்டுத்தான் அம்மா எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்.

இத்தனைக்கும் எங்கள் சப்ரகமுவவுக்கு ரயில் வந்தது வெகு முந்தி. களனிவெளிப் பாதை 1902இல் அவிசாவளையைத் தொட்டது. அடுத்த வருடம் எட்டியாந்தோட்டை, 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஓபநாயக்க. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். வளைந்து வளைந்து மலைக்கு ஏற அதுதான் தோது, செலவும் குறைவு. தேயிலையும் இறப்பரும் கொழும்புக்கு இறங்க வேண்டும் என்று போட்ட பாதை அது. ஆட்கள் ஏறினால் ஏறிக்கொள்ளட்டும், அவ்வளவுதான். 1942இல், யுத்தத்தின் நடுவே, எட்டியாந்தோட்டைக் கிளையைக் கழற்றினார்கள். 1976இல் அவிசாவளைக்கு அப்பால் ரயில் நின்றது. மாணிக்கக்கல் விளையும் இரத்தினபுரிக்கு இன்றுவரை ரயில் இல்லை. சரக்கு லொறிக்கு மாறிக்கொண்டது. நாங்கள் நடைக்கு மாறினோம்.

தலை எண்ணுவதில் மட்டும் யாரும் குறை வைக்கவில்லை. 1911 கணக்கெடுப்பிலிருந்தே ‘இந்தியத் தமிழர்’ என்று எங்களைத் தனிப் பத்தியில் எழுதுகிறார்கள். நாடு முழுக்க 1971இல் 11 இலட்சத்துக்கு மேல் இருந்தோம். 1981இல் 8 இலட்சத்துச் சொச்சம். ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்கள் கொஞ்சப்பேர் உண்டு. ஆனால் 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள்தான் அதிகம். எங்கள் லயத்திலிருந்தும் போனார்கள். சாமான்களை ஏற்ற அன்றைக்கு லொறி வாசலுக்கே வந்ததாம். “போறவுகளுக்கு மட்டும் ரோட்டு இருந்துச்சு” என்பார் அம்மாயி.

இருந்தவர்களுக்குக் கொழுந்து லொறிதான். என் சித்திக்கு இடுப்பு வலி எடுத்த இரவில் அதுவும் இல்லை. கம்பளியின் நாலு முனையையும் கம்பில் கட்டி, தொட்டில் மாதிரி ஆக்கி, மாமாமார் சந்திவரை தூக்கினார்கள். நான் டோர்ச் பிடித்தேன். ஸ்டோர் வளைவில் சித்தி இறக்கச் சொன்னார். என் தம்பி அந்த வளைவில் பிறந்தான். அவன் பட்டப்பெயர் இன்னும் ‘ஸ்டோர்’.

ரோட்டைப் போடச் சொல்லிப் பெரியவர்கள் அலையாத இடமில்லை. எல்லாரும் கையை விரித்தார்கள். சோம்பல் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சட்டமே அப்படி என்று பிறகுதான் தெரிந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி சபை கிராமத்துக்குச் செலவு செய்யலாம், தோட்டத்துக்குச் செய்ய முடியாது. ரோட்டு தோட்டத்துச் சொத்து. அந்தச் சபைக்கு நாங்களும் வாக்குப் போட்டோம். எங்கள் வாக்கில் வென்றவர் எங்கள் ரோட்டில் ஒரு கூடை கல்லைக்கூடக் கொட்ட முடியாது! இதைத் திருத்த 2018 ஆக வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருடம்.

திருத்தம் வந்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் கட்டையில் பாதிக்குக் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். மிச்சத்துக்கு ஆட்டோ. நாட்சம்பளம் 1000 ரூபா என்று ஆன 2021இல் மேலே ஏற என்னிடம் 400 ரூபா கேட்டார்கள். ஓட்டுகிறவனும் எங்கள் லயத்துப் பையன்தான். டயர் தேய்மானத்தைச் சொன்னான், பேரம் பேச வாய் வரவில்லை.

வாக்குக் கேட்டு வருகிற ஐயாமாரே, அடுத்த தடவை ஜீப்பைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். சவர்க்காரம் நாங்கள் தருகிறோம்.