குளிர் கொல்லேல்லை

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குக் கிட்டக் கரையைக் கடந்தது. தொண்டைமானாற்றுக்கு அது புயலாக வரவில்லை, குளிராகத்தான் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாடில்லாத எங்கள் வீட்டில் கவலை வேறு: கிணற்றடியில் நின்ற அம்மம்மாவின் மருந்துச் செடிகள்.

அம்மம்மாவுக்குத் தொய்வு. மாரி தொடங்கினால் இழுப்பும் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் தந்த இன்ஹேலரை விடமாட்டா. ஆனால் துளசி அவித்த தண்ணியும் கற்பூரவள்ளிச் சாறும் தூதுவளைச் சம்பலும் இல்லாவிட்டால் அவவுக்கு அது வைத்தியமே இல்லை. அது மருந்தா, மனத்தெம்பா என்று நாங்கள் வாதாடப் போறதில்லை.

நாங்கள் மூன்று பேரும் போனில் ஒரு வீடியோ பார்த்தோம். செடியைப் பொலித்தீனால் மூடு, அடியில் வைக்கோல் போடு, ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும், அதனால் பொழுதுபடத் தண்ணி ஊற்று. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். மழை பெய்துகொண்டிருக்கத் தண்ணியும் ஊற்றினோம் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பொலித்தீனைத் திறந்தால் ஒரு புளித்த மணம். துளசி இலை கறுத்து, தண்டின் அடி விரல் பட்டால் நசிந்தது. அம்மம்மா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தா. "குளிர் கொல்லேல்லை பிள்ளையள். நீங்கள்தான் மூச்சடைக்கப் பண்ணிப்போட்டியள்."

மூச்சு முட்டுவதென்றால் என்னவென்று தெரிந்த மனிசி சொன்ன சொல் அது. நாங்கள் வாய் திறக்கவில்லை.

பிறகுதான் யோசித்தோம். அந்த வீடியோக்காரரின் ஊரில் பூச்சியத்துக்குக் கீழே போகும். இலைக்குள் இருக்கிற தண்ணி உறைந்து, பனிக்கட்டி கலங்களைக் கிழித்துவிடும். வைக்கோலும் மூடலும் அதுக்குத்தான். எங்கள் ஊரில் மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இங்கே எதிரி ஈரம். வெயில் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும்; மண் இடைவெளியெல்லாம் தண்ணி நிறைந்தால் வேருக்குக் காற்றில்லை; அழுகிய வேரில் பங்கசு ஏறும். கடலோரம் என்பதால் வாடைக்காற்று உப்பையும் கொண்டுவந்து இலையைக் கருக்கிவிடும்.

இப்போது ஐப்பசி பிறக்க முதலே சட்டிகளை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைக்கிறோம். அடி ஓட்டையை ஈர்க்கால் குத்திப் பார்க்கிறோம். கீழே தட்டு வைப்பதில்லை. அதில் தண்ணி நின்றால் டெங்கு நுளம்புக்கும் வீடு கொடுத்த மாதிரி. வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்குச் சுவரோரம்தான் இடம், ஆனால் தாழ்வாரத் தண்ணி விழாத பக்கமாக. காற்று அடித்த அடுத்த நாள் காலையில் நல்ல தண்ணியால் இலையை மட்டும் கழுவுவோம். வல்லாரைக்கு இந்தச் சட்டமொன்றும் இல்லை, அது சேற்றிலேயே சந்தோசமாகக் கிடக்கும்.

முக்கியமானது, மழைக்கு முதலே பிள்ளைக் கன்று எடுத்து வைப்பது. கற்பூரவள்ளியில் ஒரு சாண் தடி முறித்து, வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் விட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் இரண்டு கிழமையளவில் வேர் பிடிக்கும். துளசிக் கதிர் காய்ந்ததும் உதிர்த்து விதையைக் கடதாசியில் சுற்றி வைக்கிறோம். தாய்ச்செடி போனாலும் வீட்டில் இலை இருக்கும்.

போன தையில் ஸ்காபரோவிலிருந்து சின்னம்மா வீடியோ கோல் எடுத்தா. வெளியே ஸ்னோ. யன்னலோரம் அவவின் கறிவேப்பிலை இலை கொட்டிக்கொண்டு நிற்குது. "அம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி விடட்டோ?"

"விடாதை!" என்று அம்மம்மா கத்தின கத்தில் இருமல் வந்துவிட்டது. மிச்சத்தை நாங்கள் சொன்னோம்: இரவில் 10 பாகைக்குக் கிட்ட இறங்க முதலே உள்ளே எடுக்கவேணும், வெயில் விழுகிற யன்னல் வேணும், மேல்மண் காய்ந்தபிறகுதான் தண்ணி. வெளிச்சம் குறைந்தால் இலை கொட்டும். தண்டு பச்சையாக இருந்தால் பயமில்லை. சின்னம்மா உடனே நகத்தால் சுரண்டிக் கமராவில் காட்டினா. பச்சை.

இந்த வருசம் ஐப்பசியில் நாலு கற்பூரவள்ளித் தடி ஊன்றினோம். மூன்று துளிர்த்துவிட்டது. நாலாவதை எறிவம் என்று நாங்கள் பிடுங்க, அம்மம்மா வாங்கிப் பார்த்தா. "வேர் வருது. வையுங்கோ." திரும்பவும் ஊன்றியிருக்கிறோம்.