ஃப்ரீசரில் ஒரு கத்திக்குத்து

எங்கள் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் வயதாகிப் போய்ச் சேரவில்லை. நான்தான் கத்தியால் குத்தினேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு எழுதுகிறேன்.

அது 2009இல் வாங்கிய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மே மாதம், மத்தியானம், வந்திருந்தவர்களுக்கு நன்னாரி சர்பத். ஐஸ் ட்ரே ஃப்ரீசரின் அடியில் உறைந்து ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இந்த மாதிரி ஃப்ரிட்ஜில் குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் பனி தானாகக் கரையும். எனக்கு அது தெரியும். ஆனாலும் காய்கறிக் கத்தியை எடுத்தேன். ட்ரே நகர்ந்த அதே நொடி 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கதவைச் சாத்திவிட்டு சர்பத்தைக் கலக்கப் போய்விட்டேன்.

அந்த ஃப்ரீசர் பெட்டி வெறும் தகரம் இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகளைச் சேர்த்து ஒட்டி, நடுவே மெல்லிய வழிகள் விட்டிருப்பார்கள். கேஸ் ஓடுவது அதற்குள்தான். நாம் சுரண்டுகிற பனிக்கும் அந்த வழிக்கும் இடையில் ஒரு தகட்டின் கனம் மட்டுமே. எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தது ஆர்-134ஏ. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கு. எங்கள் பெட்டிக்குள் இருந்தது கிராம் கணக்கில்தான், ஆனால் அத்தனையையும் சமையலறையிலேயே விட்டுவிட்டேன். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது தீப்பிடிக்கக்கூடியது. கத்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் வைக்கவும்.

மறுநாள் மனைவி, "என்னங்க, ஃப்ரீசர் கூலிங்கே ஆகல" என்றாள். "வோல்டேஜ் கம்மியா இருக்கும், ஓடட்டும் பாரு" என்றேன். இது முதல் பொய். கேஸ் போன ஃப்ரிட்ஜை ஓட விடவே கூடாது. உள்ளே அழுத்தம் குறையக் குறைய, ஓட்டை வழியாக வெளிக்காற்றையும் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். ஈரம் கம்ப்ரஸருக்கு ஆகாது.

பிறகுதான் மெக்கானிக் வந்தார். மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் பாதி வீட்டு ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அவர்தான். வந்தவர் ஃப்ரீசரைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் பிசுக்கு. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றும். ஓட்டை விழுந்தால் அது அந்த இடத்தில் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். சோப்பு நுரையைத் தடவி, கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும் குமிழி வந்தது.

"கத்தி போட்டீங்களா சார்?"

"இல்லையேண்ணே. வீட்ல யார் என்ன பண்ணாங்களோ."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கத்தியின் அகலத்துக்கே ஒரு கீறல் இருந்தது. "பரவாயில்ல சார், எல்லார் வீட்லயும் நடக்கிறதுதான்" என்றார். அப்போதே ஒத்துக்கொண்டிருக்கலாம். அதைவிடச் சுலபமான வழியை யாரும் எனக்குத் திறந்து வைத்திருக்க முடியாது.

அவர் சொன்ன வைத்தியம் இது. அலுமினியத்தில் பற்றவைத்தால் நிற்காது, அதனால் ஃப்ரீசர் பாக்ஸையே மாற்றிவிடலாம். ஈரம் போயிருக்கும் என்பதால் ட்ரையர் ஃபில்டரும் புதுசு. பிறகு வேக்யூம் போட்டு, கேஸ் ஏற்றித் தருகிறேன். எல்லாம் ஐயாயிரத்துக்குள். "கம்ப்ரஸர் நல்லா இருக்கு சார். இன்னும் பல வருஷம் ஓடும்." ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிக் காசு வாங்கிப் போகிறவர்களும் இருக்கும் ஊரில், இதைவிட நேர்மையான மதிப்பீடு கிடைக்காது.

ஆனால் என் மனதில் வேறொன்று இருந்தது. அதற்கு முந்தைய மாதம் ஒரு நண்பர் வீட்டில், இரட்டைக் கதவை அகலத் திறக்கும் பெரிய ஃப்ரிட்ஜைப் பார்த்திருந்தேன். தானே தண்ணீர் இழுத்து, தானே உறையவைத்து, டம்ளரை நீட்டினால் ஐஸைக் கொட்டியது. அன்றிலிருந்தே எனக்கு நம் வீட்டு ஃப்ரிட்ஜைப் பிடிக்காமல் போயிருந்தது. கத்தியை வேண்டுமென்றே ஓங்கினேன் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சத்தம் கேட்டபோது மனதின் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மெக்கானிக்கிடம் "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். மனைவியிடம், "கம்ப்ரஸர் போயிடுச்சாம். அவரால ஒண்ணும் பண்ண முடியலையாம்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கத்தியால் குத்தியது அவசரம். இதை நிதானமாகச் சொன்னேன். டோர் ரப்பரோ, தெர்மோஸ்டாட்டோ, ரிலேவோ போனால் யாரும் ஃப்ரிட்ஜை மாற்ற மாட்டார்கள், கம்ப்ரஸர் என்றால்தான் எதிர்க்கேள்வி வராது என்று யோசித்து, அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தேன். கூடவே மின்சாரக் கணக்கும் சொன்னேன். புதுசு என்றால் ஸ்டார் ரேட்டிங், கரண்ட் மிச்சம் என்று. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அந்த ஸ்டார் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். சின்னப் பெட்டியைவிட மூன்று மடங்கு பெரிய பெட்டி, எத்தனை நட்சத்திரம் வாங்கினாலும் அதிகமாகத்தான் குடிக்கும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற வீட்டில் இந்தப் பொய் எடுபட்டதற்குக் காரணம், நான் அதைச் சொன்னபோது காட்டிய அக்கறைதான்.

எண்பதாயிரத்துக்கும் மேல். மாதத் தவணை. பழையதை எக்ஸ்சேஞ்சில் அற்பத் தொகைக்கு எடுத்துக்கொண்டார்கள். வண்டியில் ஏற்றிய பையன் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் ஒரிஜினலா சார்?" என்று கேட்டான். மனைவி பக்கத்தில் நிற்கவில்லை, தப்பித்தேன்.

என் பொய் அத்தோடு நிற்கவில்லை. எதிர்வீட்டில் யாரோ ஃப்ரிட்ஜுக்கு ஆள் கேட்டபோது, மனைவி நல்லெண்ணத்தில், "அவர் வேண்டாம், எங்களுதைச் சரிபண்ணத் தெரியலை" என்று சொல்லியிருக்கிறாள். அது மாடி இறங்குவதற்குள் "அவர் கைவச்சா கம்ப்ரஸர் போயிடும்" என்று ஆகிவிட்டது. அடுத்த கோடையில் ஏசி சர்வீஸுக்கு வேறு ஆள் வந்தார். லிஃப்ட் அருகே அந்தப் பேச்சு வந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

சரி, அந்த ஐஸ் இயந்திரம். வந்த நாளிலிருந்தே அது எங்களைப் படுத்தியது. இத்தகைய ஐஸ் மேக்கருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தமாவது வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருவது 14 பிஎஸ்ஐ. நாங்கள் இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழ்த் தளம். டேங்க் தலைக்கு மேலே நாலைந்து மீட்டரில். ஆறேழு பிஎஸ்ஐ தேறினால் அதிகம். முதல் வாரம் வந்ததெல்லாம் உள்ளே பொக்கையான, நகம் போன்ற ஐஸ். பிறகு பூஸ்டர் பம்ப் வைத்தோம், அதற்குத் தனிச் செலவு. ஆர்ஓ தண்ணீர் அதற்கும் சேர்த்துப் பங்கு வராததால், போர் தண்ணீரை ஒரு சின்ன ஃபில்டர் வழியாகக் கொடுத்தோம். போர் தண்ணீரின் உப்பைப் பற்றி மடிப்பாக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஐஸ் விழுவதே நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டர் ஆள் வந்தார். எதையும் கழற்றாமலே, "ஐஸ் மேக்கர் செட்டையே மாத்தணும் சார், பார்ட் தனியா வராது" என்றார். பத்தாயிரத்துக்குப் பக்கம் சொன்னார். மாற்றுவதா, சரிபார்ப்பதா, பேசாமல் விடுவதா என்று உட்கார்ந்து யோசிக்கிறேன்.

உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்கு இறங்குகிறதா, பெட்டி நிறைந்தால் நிறுத்தும் கம்பி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, தண்ணீர் வரும் குழாய் உள்ளே உறைந்துவிட்டதா, ஃபில்டரும் வால்வு வாயில் உள்ள சல்லடையும் உப்பில் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எங்கள் தண்ணீருக்கு நான் சல்லடையைத்தான் சந்தேகிக்கிறேன். கழற்றி வினிகரில் ஊறவைத்தால் தீர்ந்துவிடும் வேலையாகக்கூட இருக்கலாம். மோட்டாரோ ஹீட்டரோ போயிருந்தால் மட்டுமே முழு செட்டைப் பற்றிப் பேசலாம். இதைப் பொறுமையாகப் பார்த்து, உள்ளதைச் சொல்லி, வாங்க வேண்டியதை மட்டும் வாங்கக்கூடிய ஒரே ஆளின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அவரையா கூப்பிடப் போறீங்க? அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"ஆமாம்ல" என்றேன்.