கணக்குப்பிள்ளை இல்லாத சர்வர்

அய்யம்பாளையத்தைச் சுற்றியுள்ள சேரிகளில் தோப்புக் கூலி, கல்வி உதவித்தொகை நிலுவை, வன்கொடுமைப் புகார் பற்றியெல்லாம் நம் பிள்ளைகள் பேசிக்கொள்ள சொந்தமாக ஒரு சமூகத் தளம் வேண்டும் என்று முடிவெடுத்தோம். கொள்கையில் சண்டை வரவில்லை. சர்வரில் ஓடும் நிரலை எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் வந்தது. ரூபி, கோ, எலிக்சர், பைத்தான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அது பொறியாளர்கள் தீர்க்கவேண்டிய விஷயம் என்று சமூகவியல் படித்த நாங்கள் ஒதுங்கவில்லை. அறிவு யார் கையில் இருக்கும் என்பதும் அதில் இருந்தது.

2019 நவம்பரை நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கும் கட்டுப்படுத்தப்பட்டது. ட்விட்டர் சாதி பார்க்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள். 2016இல் ஆய்கன் ரோஷ்கோ வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. யாரும் எடுத்துத் திருத்தி, சொந்த சர்வரில் ஓட்டலாம். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் வேறு யாரோ நடத்தும் சர்வரில்தான் குடியேறினார்கள். வீடு மாறியது, வாடகைக் குடித்தனம் மாறவில்லை.

மாஸ்டடானையே நிறுவினால் என்ன? அது ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. கூடவே நோட், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் எல்லாம் வேண்டும். எங்கள் பக்கத்தில் ரூபி தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டால்?

எந்த மொழியில் எழுதினாலும் மற்ற தளங்களோடு பேசமுடியும். டபிள்யூ3சி 2018இல் ஏற்ற ஆக்டிவிட்டிபப் நெறிமுறைதான் காரணம். ரூபியில் எழுதிய மாஸ்டடான், ரஸ்ட்டில் எழுதிய லெம்மி, பிஎச்பியில் எழுதிய பிக்ஸல்ஃபெட் எல்லாம் அதன்வழியே பேசிக்கொள்கின்றன. ஆகவே பயன்படுத்துபவருக்கு மொழி தெரியவே தெரியாது. பழுது பார்ப்பவருக்குத்தான் அது முக்கியம்.

கோ வேகமானது, ஒரே கோப்பாக நிறுவலாம், சின்ன சர்வர் போதும். உண்மைதான். ஆனால் சில நூறு பேர் புழங்கும் தளத்துக்கு அந்த வேகம் தேவைப்படாது. இன்ஸ்டாகிராமே பைத்தானின் ஜாங்கோவில் வளர்ந்தது. வாசகர்களுக்கான புக்வெர்ம் என்ற தளமும் ஜாங்கோவில் எழுதப்பட்டு ஆக்டிவிட்டிபப் பேசுகிறது.

தமிழையும் சோதித்தோம். "தமிழ்" என்பதில் எழுத்து மூன்று. எலிக்சர் மூன்று என்றே எண்ணுகிறது. பைத்தானின் லென் ஐந்து என்கிறது. கோவின் லென் பைட்டுகளை எண்ணிப் பதினைந்து என்கிறது. பதிவுக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைத்தால் தமிழில் எழுதுபவருக்குத்தான் இடம் குறையும். இதில் எலிக்சர் ஜெயித்தது. ஆனால் பைத்தானுக்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இருக்கிறது, அது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே எண்ணும்.

கடைசியில் பைத்தானையே எடுத்தோம். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், தமிழ்வழியிலும், பைத்தான் இருக்கிறது. கணியம் அறக்கட்டளை தமிழில் பாடங்கள் தருகிறது. கணினிப் பிரிவு எல்லாப் பள்ளியிலும் இல்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, ஆங்கிலத்துக்குப் பயப்படாமல் ஒரு பெண்பிள்ளை தொடங்க முடியும்.

நம் ஊர்களில் கணக்குப்பிள்ளை பரம்பரையாக இருந்தார். நிலக்கணக்கு அவர் கையில், அவர் சொன்னதே கணக்கு. 1980இல் தமிழக அரசு அந்தப் பதவியை ஒழித்தது. புகார் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கும் சர்வருக்கு, ஒருவருக்கு மட்டுமே தெரிந்த மொழியை வைத்தால், அங்கே இன்னொரு கணக்குப்பிள்ளையை நாமே உட்காரவைக்கிறோம். அவர் நம் தோழராக இருந்தாலும் அதே கதைதான்.

அதனால் மொழியோடு ஒரு விதியையும் சேர்த்தோம். எந்தத் திருத்தமும் இரண்டு பேர் படித்த பிறகே சர்வருக்குப் போகும், இருவரில் ஒருவர் பெண். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் கூடக் கூட வேகமும் கூடும். உங்கள் ஊரில் தொடங்கும்போது முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்: உங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் எந்த மொழியைக் கற்க முடியும்?

ஜெய்பீம்.