வெயில் முதுகில், காற்று பிடரியில்

அம்பத்தூரில் விடிகாலை இரண்டரை மணிக்கு வண்டியை எடுத்தால் பாடி, வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி என்று ஒரே மூச்சில் காசிமேடு வந்துவிடும். நடு ராத்திரியிலும் தூங்காத இடம் அந்தத் துறைமுகம். ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக் குரல், தரையெல்லாம் மீன் தண்ணீர். அதைத் தாண்டி பைபர் படகுகள் கட்டியிருக்கும் ஓரத்துக்குப் போனால் படகுக்கார அண்ணன் டீசல் கேனோடு நிற்பார். பன்னிரண்டு வருடமாக, மாதத்தில் இரண்டு ஞாயிறு, எனக்கு இதுதான் வழக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுவது என் தொழில். முதலில் கடலுக்குப் போனது மீனுக்காகத்தான். கேமரா நான்கு வருடம் கழித்துத்தான் படகில் ஏறியது. அந்த வரிசை நல்லதாகப் போயிற்று என்று இப்போதும் நினைக்கிறேன். தூண்டில் பிடித்துப் பழகிய கைக்குத்தான் கடல் பறவை சிக்கும். படம் எடுக்க மட்டும் படகு ஏறியவர்கள் பறவையைத் துரத்துகிறார்கள். துரத்தினால் கிடைப்பது அதன் வால்.

இதை எனக்கு முதல் வருடமே ஒரு வரியில் சொன்னவர் அண்ணன். சூரை மீனுக்குத் தங்கூசி நரம்பை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். தூரத்தில் பத்துப் பதினைந்து ஆலாப் பறவைகள் சுற்றின. நான் எழுந்து நின்று வானத்தையே பார்த்தேன். “தம்பி, பட்சியப் பாக்காத, தண்ணியப் பாரு. அது எதுக்கு வந்துதோ அது தண்ணிலதான் கீது” என்றார். பார்த்தேன். ஒரு திட்டு மட்டும் நிறம் மாறி, பொரிகிற எண்ணெய் மாதிரித் துடித்தது. கீழே இருந்து சூரை விரட்ட, நெத்திலி மேலே வந்து தெறித்தது. ஆலாக்கள் அந்தத் திட்டின் மேல்தான் சுற்றின. திட்டு நகர அவையும் நகர்ந்தன. தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தால் பறவை அடுத்து எங்கே வரும் என்பது அரை நிமிஷம் முன்னாடியே தெரிந்துவிடும். படம் எடுக்கிறவனுக்கு அரை நிமிஷம் என்பது பெரிய சொத்து.

கடலில் படம் எடுக்கும் முன்னால் எனக்கு ஏரி இருந்தது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம். முழுக் கொள்ளளவு 24 அடி, 3,645 மில்லியன் கன அடி என்று மழைக்காலத்தில் செய்தியில் தினமும் சொல்வார்களே, அதே ஏரி. குளிர்காலத்தில் அங்கே மீசை ஆலாக்கள் வரும். சாம்பலும் வெள்ளையுமாக, உள்ளங்கையில் அடங்கிவிடுமோ என்கிற அளவில் தெரியும் மெல்லிய பறவை. இது தண்ணீருக்குள் பாய்வது அபூர்வம். காற்றை எதிர்த்து மெதுவாகப் பறந்து வரும். அலகால் மேல்மட்டத்தைக் கொத்தி எடுக்கும். கரை ஓரம் வந்ததும் காற்றோடு திரும்பிப் போய், புறப்பட்ட இடத்திலிருந்து மறுபடி அதே தடத்தில் வரும். கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நான்கு முறை விட்டதை ஐந்தாவது முறை பிடித்துவிடலாம். ஒரு குளிர்காலம் முழுக்க இதைத்தான் செய்தேன். பறக்கிற பறவையைக் கேமராவுக்குள் வைத்தபடியே உடம்பை இடுப்பிலிருந்து திருப்புவது அங்கே வந்த பழக்கம். ஆவடிப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது கடல் பறவை எடுக்கணும் என்று கேட்டால் முதலில் செம்பரம்பாக்கத்துக்கும் பருத்திப்பட்டு ஏரிக்கும் போகச் சொல்கிறேன். தரை ஆடாத இடத்தில் வராத படம் ஆடுகிற இடத்தில் வராது.

கடலில் இருப்பது வேறு ஆலா. பெரிய கொண்டை ஆலாவுக்கு மங்கிய மஞ்சள் அலகு; அதைவிடச் சிறிய கொண்டை ஆலாவுக்கு நல்ல ஆரஞ்சு அலகு. குளிர்காலத்தில் இரண்டுக்குமே நெற்றி வெளுத்து, பின்மண்டையில் மட்டும் கறுப்புச் சிலும்பல் நிற்கும். இவை பாய்கிற ஜாதி. பத்துப் பதினைந்து அடி உயரத்தில் ஒரு நொடி நிற்கும். தலை குனியும். சிறகு பின்னால் மடங்கும். விழும். தலை குனிகிற அந்த நேரத்தில் விரல் அழுத்தியாக வேண்டும். சிறகு மடங்கிய பிறகு அழுத்தினால் தண்ணீர் தெறித்த வட்டம்தான் மிஞ்சும். இரண்டு வருடம் எனக்கு மிஞ்சியது அந்த வட்டங்கள்தான். ஷட்டர் வேகம் நொடியில் 2,500-ல் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. 3,200 என்றால் நிம்மதி. கறுத்த கடலின் முன்னால் வெள்ளைப் பறவை வரும்போது கேமரா கடலைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகெல்லாம் சுண்ணாம்பு பூசினது போல ஆகும். அதனால் முக்கால் ஸ்டாப் குறைத்தே வைத்திருப்பேன். வெளிறிய வானம் பின்னால் வந்தால் கணக்கு தலைகீழ்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் உண்டு. நம் கரைக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இருக்கிறது. நமக்குச் சூரியன் உதிப்பது கடலில். காலையில் கிளம்பிக் கிழக்கே போகிறவனுக்குப் பறவையெல்லாம் எதிர்வெயிலில் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அதனால் ஆலாக் கூட்டம் கண்ணில் பட்டதும் அதை நோக்கிப் போகக் கூடாது. விலகி, தாண்டி, அதற்குக் கடல் பக்கம் போய்விட வேண்டும். இன்ஜினைத் தணித்துவிட்டுக் கரையைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகில் விழும், பறவைமேல் நேராக விழும். தை, மாசியில் வாடை வீசும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. பறவை எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும், பாயும், எழும். காற்று வடகிழக்கிலிருந்து வந்தால் அதன் முகம் நம் பக்கம். வெயில் முதுகில், காற்று பிடரியில்: சென்னைக் கடலுக்கு என் சூத்திரம் இவ்வளவுதான். அண்ணனுக்கும் இதில் நஷ்டமில்லை. கூட்டத்தின் நடுவே இன்ஜின் போனால் மீன் கீழே இறங்கிவிடும் என்பதால் அவரும் ஓரமாகத்தான் நரம்பை இழுப்பார்.

தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இந்தக் கணக்கு உதவாது. காற்று கரையிலிருந்து வரும். பறவை கரையைப் பார்க்கும். நமக்கு முதுகைக் காட்டும். அப்போது படத்தை மறந்துவிட்டு மீனைப் பார்ப்பேன்.

படகில் எங்கே உட்கார்வது என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் பாதிப் படம் அங்கேதான் தீர்மானமாகிறது. முகப்பில் ஆட்டம் அதிகம். பின்னால் இன்ஜின் அதிர்வும் புகையும். நடுப்படகில், பலகையில் இல்லாமல் தரையில், கால்களை அகட்டி உட்கார வேண்டும். முழங்கை எதன்மேலும் ஊன்றக் கூடாது. ஆரம்பத்தில் எனக்கு இது தெரியவில்லை. பட்டறையில் அலுமினியத்தில் ஒரு தாங்கி கடைந்து, படகு விளிம்பில் திருகி, அதில் லென்ஸை வைத்தேன். வேலை சுத்தமாக வந்திருந்தது, எனக்குப் பெருமை. கடலில் வைத்ததும் இன்ஜின் அதிர்வு முழுக்க அந்த உலோகம் வழியாக லென்ஸுக்கு ஏறியது. ஒரு படமும் தேறவில்லை. மனுஷ உடம்பைப் போல அதிர்வை விழுங்குகிற பொருள் வேறில்லை என்று அன்று புரிந்தது. அலை தூக்கி, உச்சியில் ஒரு கணம் படகு நிற்கும். அந்தக் கணத்தில் எடுத்தது நிற்கும்.

கருவியை நாமே செய்து பார்க்கலாம் என்ற துணிச்சல் எனக்கு மா. கிருஷ்ணனைப் பற்றிப் படித்ததில் வந்தது. நம் சென்னையில் வாழ்ந்து 1996-ல் மறைந்த அந்த இயற்கையாளர், பல பாகங்களைத் தானே கோத்துச் செய்த ஒரு கனத்த கேமராவை வைத்துக் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பேர் வைத்திருந்தார். என் தாங்கி தோற்றது. ஆனால் கருவியைவிட, நிற்கிற இடமும் காத்திருக்கிற நேரமும்தான் பெரிது என்பதை அவர் படங்களிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியால் லென்ஸைத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்புத்துகள் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும், அப்புறம்தான் காய்ந்த துணி. படகில் என் கேமரா இருப்பது மூடி இறுகின ஒரு பழைய ஐஸ் பெட்டியில், துண்டுக்கு நடுவில்.

நம் கடலில் எத்தனை தூரத்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்பது கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. வலை இழுக்கும்போது படகைச் சுற்றிக் கத்துகிற பழுப்புத்தலைக் கடற்காகங்கள் லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் முட்டையிடுபவை. பங்குனியில் அவற்றின் வெள்ளைத் தலையில் காப்பிப் பழுப்பு ஏறிவிடும். ஏறினால் கிளம்பப் போகின்றன என்று அர்த்தம்.

இதையெல்லாம் மிஞ்சியது ஒரு ஜூன் மாதம் பார்த்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கடல் அமைதியாகக் கிடக்கும். அன்று வழக்கத்தைவிட வெகுதூரம் போயிருந்தோம். எண்ணூர்ப் புகைபோக்கிகள் கண்ணிலிருந்து மறைந்து வெகுநேரம் ஆயிற்று. தண்ணீர் பச்சை போய் நீலமாகியிருந்தது. திடீரென்று படகுக்குப் பின்னால் சின்னதாக, கறுப்பாக, இடுப்பில் வெள்ளைப் பட்டையோடு ஏதோ ஒன்று. ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. சிறகை விரித்து வைத்துக்கொண்டு, காலால் தண்ணீர்மேல் தத்தித் தத்தி நடந்தது. நிஜமாகவே நடந்தது. அது வில்சன் ஸ்டார்ம் பெட்ரல். ஒரு எலுமிச்சம்பழம் எடைகூட வராத உயிர். அண்டார்டிக் கரைப் பாறை இடுக்குகளில் குஞ்சு பொரித்து, அங்கே குளிர் இறுகும்போது கடல்மேலேயே வடக்கே வருகிறது. மூன்று படம் எடுத்தேன். ஒன்றில் மட்டும் கால்விரல் சவ்வின் மஞ்சள் லேசாகத் தெரிகிறது. அண்ணன் இன்ஜினை நிறுத்தியிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே நிறுத்தினார். இருவரும் பேசவில்லை. அது அலைமேட்டில் ஏறி, பள்ளத்தில் மறைந்து, மறுபடி ஏறி, பிறகு காணவில்லை.

இத்தனை சொன்ன பிறகு சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. ஐந்தாவது வருடம், மாசி மாதம். என் தூண்டிலில் பாய்ந்து ஒரு பெரிய கொண்டை ஆலா மாட்டிக்கொண்டது. பறவைகள் பாய்கிற இடத்தில் இரையை மேல்மட்டத்தில் விட்டுவிட்டு நான் கேமராவைப் பிடித்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. நரம்பை இழுக்க இழுக்க அது தண்ணீரில் சுழன்றது. அண்ணன்தான் அதைத் தூக்கினார். ஈரத் துண்டைத் தலைமேல் போட்டார். கண் மறைந்ததும் உதறல் நின்றது. சிறகு இரண்டையும் உடம்போடு சேர்த்து, மூச்சு முட்டாத அளவுக்கு இரு கையால் அணைத்துக்கொண்டார். தூண்டில் முள் சிறகின் மடிப்பில், தோலில் ஏறியிருந்தது. பின்னால் இழுத்தால் கொக்கி சதையைக் கிழிக்கும். முள்ளை முன்னுக்குத் தள்ளி முனையை வெளியே எடுத்து, கட்டிங் பிளேயரால் கொக்கியை வெட்டி, மிச்சக் கம்பியை வந்த வழியே உருவினேன். தினமும் இரும்போடு புழங்குகிற கை, அன்று நடுங்கியது. துண்டை எடுத்ததும் அது என்னைப் பார்த்தது. கறுத்த, ஈரமான ஒரு கண். அண்ணன் காற்றைப் பார்த்துக் கையை நீட்டினார். கொஞ்சம் தாழ்ந்து, தண்ணீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டது. அன்று அதன்பின் நான் கேமராவைத் தொடவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் வெள்ளை உடம்பு கறுத்துக் கிடந்ததை ஊரே பார்த்தது. தங்கூசி நரம்பு செய்கிற கொலை அப்படி ஊர் கண்ணில் படுவதில்லை. அறுந்து மிதக்கிற ஒரு முழம் நரம்பு போதும், ஒரு ஆலாவின் காலைச் சுற்ற.

கடலுக்குத் தூண்டிலோடு போகிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உயிர் காக்கும் சட்டையை உட்காருவதற்குப் போடாதீர்கள், உடம்பில் போடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனது நமக்குப் பக்கத்தில் நடந்தது. ஆலா பாய்கிற இடத்தில் இரையை மேலே விடாதீர்கள். கேமராவை எடுக்கும் முன் நரம்பைச் சுருட்டிவிடுங்கள். பையில் ஒரு துண்டும் ஒரு கட்டிங் பிளேயரும் இருக்கட்டும். அறுந்த நரம்பைக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள். என் ஐஸ் பெட்டியின் மூடியில் அதற்கென்று ஒரு டப்பா ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அதில் ஏதாவது இருக்கிறது.