பிகினும் எண்டும்

போன வாரம் பேத்தி கோயமுத்தூரிலிருந்து கோபிக்கு வந்திருந்தாள். திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தவள், "அப்புச்சி, ஒரு பிகின்–எண்ட் போடாம விட்டு ரெண்டு நாளா மண்டை காஞ்சுட்டனுங்க" என்றாள்.

"அதென்ன கண்ணு?" என்றேன்.

எஸ்.கியூ.எல். சர்வரில் 'இஃப்' என்று நிபந்தனை போட்டால், அது அடுத்து வரும் ஒரே கட்டளையைத்தான் கட்டுப்படுத்துமாம். இரண்டாவது வரியை எவ்வளவு தள்ளி எழுதினாலும் கணக்கில்லை. நிபந்தனை பொய்யானாலும் அது ஓடிவிடும். இரண்டையும் சேர்த்துக் கட்ட, முன்னால் பிகின், பின்னால் எண்ட் வேண்டும்.

இந்த வழக்கத்தைப் பரப்பியது அல்கால் 60 என்ற மொழி. 1960 ஜனவரியில் 13 பேர் பாரிஸில் கூடி அதற்கு வடிவம் கொடுத்தார்கள். சி மொழியில் இதே வேலையை வளைவு அடைப்புக்குறி செய்கிறது. நாங்கள் பிரெஞ்சில் படித்த காலத்தில் அதை 'அக்கொலாத்' என்போம். கட்டித் தழுவுவதற்கும் அங்கே அதுவே சொல்.

எனக்கு 1982 நினைவுக்கு வந்தது. ஓய்வூதியக்காரர் ஒருவர் இறந்தால் எங்கள் பிரிவில் இரண்டு பதிவுகள். ஒன்று, அவர் ஓய்வூதியத்தை நிறுத்துவது. மற்றது, மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்குவது. ஒரு நாள் முதல் பதிவை எழுதி முடித்தேன். அதிகாரி கூப்பிட்டார், போனேன். திரும்பி வந்தபோது மேசையில் வேறு கோப்புகள். இரண்டாவது பதிவை மறந்தே போனேன்.

அந்த அம்மாள் நான்கு மாதம் நடந்தார். "ஐயா, இன்னிக்காவது வருமா?" என்பதைத் தவிர ஒரு கடுஞ்சொல் கிடையாது. தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகும் அவரிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"பிகின், எண்ட் போட்டுட்டா பாதியில நிக்காதா கண்ணு?"

"அது சேர்த்துக் கட்டுறதோட சரிங்க அப்புச்சி. பாதியில நின்னா பழையபடி திருப்பாதுங்க. அதுக்கு பிகின் ட்ரான்சாக்ஷன்னு தனியா ஆரம்பிக்கோணும். எல்லாம் முடிஞ்சா கமிட், கோளாறானா ரோல்பேக்."

"செஞ்சு காட்டு."

மாதிரிக் கணக்கு ஒன்றில் முதல் கட்டளை முடிந்ததும், கமிட் போடும் முன்பே இணைப்பைத் துண்டித்தாள். மறுபடி திறந்தபோது, நிறுத்தியிருந்த தொகை பழையபடி இருந்தது.

"இன்னொரு தடவை காட்டு கண்ணு" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அப்போதுதான் அந்த அம்மாளைப் பற்றி அவளிடம் சொன்னேன். வீட்டில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.