ஆடிக் கற்ற குறவஞ்சி

தமிழ் இயல், இசை, நாடகம் என முத்திறப்படும் என்பதனை ஆனர்ஸ் வகுப்பு மாணவர் யாவரும் முதலாண்டிலேயே எழுதிவிடுவர். ஆயினும் வகுப்பறையில் எமக்கு வாய்ப்பது பெரும்பாலும் இயல் ஒன்றே. ஆடுதற்கென்று எழுந்த பாட்டையும் அசை பிரித்துச் சீர் எண்ணிப் பொருள் கூறி முடிக்கின்றோம். இவ்வாண்டு எம் தமிழ் மன்றத்தார் திரிகூடராசப்பக் கவிராயர் அருளிய குற்றாலக் குறவஞ்சியை இசையோடும் ஆடலோடும் மேடையேற்றத் துணிந்தனர். ருக்மிணி தேவியார் 1944-ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகமாக அமைத்த நூல் இதுவே. அதில் எனக்குக் கிடைத்த வேடம் சிங்கன்.

சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று அரங்கேறினாள். எமக்கு வாய்த்தனவோ ஏழு வாரங்களே. முதல் இரு வாரமும் நட்டுவனார் பாட்டில் ஓரடியேனும் தொட்டாரல்லர். அரைமண்டியில் எம்மை நிறுத்தித் தட்டடவையும் நாட்டடவையும் மூன்று காலத்திலும் பயிற்றினார். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு என வாயாற் சொல்லிக் கையால் தட்டிக் காலால் மிதித்தோம். விடுதி மாடிப்படி ஏறுதலும் அந்நாட்களில் பெருந்தவமாயிற்று. பின்னர்ப் பாட்டு வந்தபொழுது ஒன்று விளங்கிற்று. அடியின் இறுதியில் எழுத்து இல்லாத இடத்தும் தாளம் நடக்கின்றது. ஏட்டில் அவ்விடம் வெற்றிடம். அரங்கிலோ ஆண்டுக் கால் பேசுகின்றது.

சிங்கி பல நாடுகளிலும் பரிசாகப் பெற்ற அணிகளைப் பூண்டு வருகின்றாள். அவளைத் தேடி அலைந்த சிங்கன் ஐயுற்று ஒவ்வோர் அணியையும் சுட்டி வினவ, அவள் விடை இறுக்கின்றாள். "அவள் விடை கூறும்பொழுது நீ யாது செய்வாய்?" என்று நட்டுவனார் கேட்டார். நூலில் அதற்குக் குறிப்பில்லை. சிங்கன் அசைந்தால் அவையோர் கண் சிங்கியை விட்டு அகலும். மரம்போல் நின்றால் அவன் ஐயம் இறந்துபடும். "உடல் நிற்கட்டும், கண் மட்டும் அவள் சிலம்பின்மேற் செல்லட்டும், அவள் சொல் முடியுமுன் உன் பாரம் வலக்காலுக்கு மாறட்டும்" என்றார். இதனைக் கற்கவே பத்து நாள் சென்றன.

இல்லத்தில் இசைவு பெறுதல் இதனினும் அரிதாயிற்று. எந்தையார் திருச்சபை ஊழியர். சபையார் யாது கூறுவரோ என அஞ்சினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியதனை யான் எடுத்துரைத்தேன். ஆண்டவர்மேற் காதல் கொண்ட தேவமோகினியின் கதையைப் பாட அவர் தேர்ந்த வடிவம் இக்குறவஞ்சியே அன்றோ? உடன்படிக்கைப் பெட்டியின் முன் தாவீது அரசன் ஆடியதனையும் நினைவூட்டினேன். எந்தையார் சற்றே சிந்தித்து, "தம்பி, தாவீது கர்த்தருக்கு முன்பாக ஆடினான். நீ யாருக்கு முன்பாக ஆடுகிறாய்?" என்றார். தடுத்தாரல்லர், வினாவை மட்டும் என்னிடம் விட்டுச் சென்றார்.

ஒத்திகைதோறும் அவ்வினா என்னுடன் வந்தது. தன்னைக் காட்டுதற்கு ஆடுவோன் பிறர் பாடும்பொழுது நிற்க மாட்டான். பிறர் சொல்லுக்கு இடங்கொடுத்து நிற்பதும், அங்ஙனம் நிற்கையிலும் தாளத்தை விடாதிருப்பதும் ஆடலின் பாதி. இத்தகைய அடக்கம் ஆண்டவர் திருமுன்னும் நாணுதற்குரியதன்று என்பதே யான் கண்ட விடை.

அரங்கேற்றத்தன்று எந்தையார் கடை வரிசையில் வந்தமர்ந்தார். முடிந்தபின், "அந்தப் பெண் பேசும்போது நீ நின்றாயே, அது நன்றாயிருந்தது" என்று மட்டும் சொன்னார். சபையார் சிலர் இன்னும் முணுமுணுக்கின்றனர். அதற்கு விடை கூறும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

எமக்குப் பின் வரும் மாணவ அன்பர்காள்! பாடத்தில் வரும் நாடகத் தமிழ் நூல்களுள் ஒன்றையேனும் காலாற் கற்றுப் பாருங்கள்.