பதவி இறங்கிய கவர்னர்

தம்பி, சொந்தத் தறிகளை விற்றுவிட்டு இன்னொருவர் பட்டுக்கடையில் சம்பளத்துக்குப் போகிறோமே, ஆரணியில் எந்த முகத்தோடு நடப்பது என்று மருகுகிறாய். உனக்கு ஆர்ச்சிபால்ட் நை என்பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்மூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். 1946-ல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார் நை. வெள்ளைக்காரக் கவர்னர்களில் இங்கே கடைசி அவர்தான். பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல. 1914-ல் சாதாரண சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் தரைப்படையின் துணைத் தலைமைத் தளபதி வரை உயர்ந்தவர்.

1947 ஆகஸ்ட் 15 வந்தது. பம்பாயிலும் சென்னையிலும் மட்டும் இருந்த வெள்ளைக்காரக் கவர்னர்களையே நீடிக்கச் சொன்னது புது அரசு. முந்தின நாள் வரை நை இங்கிலாந்து மன்னரின் ஆள். தேவைப்பட்டால் மந்திரிசபையை ஒதுக்கிவிட்டுத் தாமே ஆளலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருந்தது. விடிந்ததும் அதே நாற்காலி. ஆனால் விவசாயியான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை சொல்கிறபடி கையெழுத்துப் போடும் வேலை. ஓராண்டுக்கு மேல் அதைச் செய்தார். வெள்ளையர் ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு மனிதர் இறங்கிய விதத்தைத்தான் பேசுகிறேன்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய கதை. 1948 செப்டம்பரில் பாவ்நகர் மகாராஜாவிடம் பதவியை ஒப்படைத்தார். அதே ஆண்டு பிரிட்டனின் ஹைகமிஷனராக, அதாவது தூதராக, டில்லிக்கு வந்து 1952 வரை இருந்தார். ஒரு மாகாணத்தையே ஆண்டவர், அதே நாட்டில் மந்திரியைப் பார்க்க நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டிய வேலை! மனு வாங்கிய கை, மனு நீட்டும் கையானது. பிறகு கனடாவிலும் அதே பணிதான்.

இதில் அவமானம் எங்கே வந்தது? பாவு தீர்ந்தால் தறியையா உடைக்கிறோம்? பழைய இழை நுனியில்தானே புதுப் பாவைப் பிணைக்கிறோம். சென்னையில் நம் மந்திரிகளோடு பழகிய பழக்கம் டில்லியில் அவருக்குக் கைகொடுத்திருக்கும்.

உன்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. சரிகை அசலா என்று பார்த்துச் சொல்வாய். சேலையின் உடலும் கரையும் எங்கே சரியாகச் சேரவில்லை என்று விரல் ஓட்டிக் கண்டுபிடிப்பாய். பட்டுக்கடைக்காரருக்கு வேண்டியது அதுதான். திங்கட்கிழமை சம்பளம் பேசும்போது அதைச் சொல்லிக் கேள், கூச்சப்படாதே. எத்தனை தறி வைத்திருந்தாய் என்ற பேச்சை அவராகக் கேட்டால் ஒழிய எடுக்காதே.